மிளகாய் போடாத சரம்

தக்காளியெல்லாம் வெறும் தண்ணீர், இந்த வருஷம் சாஸ் போட வேண்டாம் என்று ரோக்கோ போனில் சொன்னபோது நுன்ஸியா நம்பிவிட்டாள். நம்பாமல் என்ன செய்வாள்? ஜனவரி முழுக்க சிட்னியில் பேய் மழை. சொன்னவன் கூடப்பிறந்த அண்ணன். அதிலும் தக்காளி விஷயத்தில் அந்த வீட்டில் யாரும் விளையாடியதே கிடையாது.

"ஒரு வருஷம்தானே, போகட்டும். உன் அலமாரியில பழசு இருக்கில்ல?" என்றான்.

"நாலஞ்சு பாட்டில் கிடக்கு."

"அப்புறம் என்ன? தனி ஆளுதானே நீ, அது போதும்."

தனி ஆள் என்றது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் ரோக்கோ எப்போதுமே யோசித்துப் பேசுகிறவன் அல்ல என்று விட்டுவிட்டாள்.

வருஷா வருஷம் பிப்ரவரியில் ரோக்கோவின் கராஜில் மொத்தக் குடும்பமும் கூடி, வருஷம் பூராவுக்குமான தக்காளி சாஸைக் காய்ச்சி பாட்டிலில் அடைத்து, பாட்டில்களைப் பீப்பாய்த் தண்ணீரில் வேகவைப்பது அவர்கள் வழக்கம். அதில் ஆளுக்கொரு வேலை. ரோக்கோ அடுப்பு. அவன் மனைவி பினா கழுவுவது. மூடி அடிப்பது பையன் புருனோ. நுன்ஸியாவின் வேலை துளசி. இத்தாலியத் துளசியில் ஒரே ஒரு இலையை ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் விட வேண்டும். ஏழு வயதில் அதற்காக ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்தாள். அறுபது ஆகப்போகிறது, இன்னும் அதே முக்காலி.

தக்காளியை அரைப்பது எத்தோரேயின் வேலையாக இருந்தது. எத்தோரே அவள் புருஷன். பழைய வாஷிங் மெஷின் மோட்டாரைக் கழற்றி, அரைக்கும் மெஷினில் பூட்டி, தெருவே வந்து வேடிக்கை பார்க்கும்படி செய்தவன். ஆறு வருஷத்துக்கு முன் வுல்லங்காங்கில் ஒருத்தியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டான். போகும்போது மெஷினையும் தூக்கிக்கொண்டு போனான். அவன் வேண்டுமா நான் வேண்டுமா என்று நுன்ஸியா அந்தக் கராஜில் நின்று கேட்டாள். அவன் புருனோவின் ஞானத்தந்தை; அந்த உறவைச் சாகும்வரை அறுக்க முடியாது என்பது அவர்கள் ஊர்க் கணக்கு. இருந்தும் எல்லோரும் அவள் பக்கம் நின்றார்கள். அன்றிலிருந்து கையால் சுற்றுகிற பழைய மெஷின்தான். தோள் வலிக்க வலிக்கச் சுற்றினார்கள், யாரும் முணுமுணுக்கவில்லை. புருஷன் போனாலும் முக்காலி போகவில்லை என்பதுதான் அவளுடைய ஆறு வருஷத்துத் தெம்பு.

மழைக்காக நிறுத்தி வைத்திருந்த சனிக்கிழமை நடையை, அந்த போனுக்கு இரண்டு வாரம் கழித்து, மறுபடி தொடங்கினாள். தங்கள் பேட்டையான ஹேபர்ஃபீல்டின் இத்தாலியக் கடைகளுக்கு வெளியூர்க்காரர்களை அழைத்துப்போய், இங்கே ஒரு துண்டு அங்கே ஒரு துண்டு என்று வாயில் போட்டு, கடைசியில் ரொட்டிக்கடைக் காபியோடு வழியனுப்பி வைப்பது அவள் பிழைப்பு. எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதில் பெவர்லி என்றொரு அம்மாள், வைக்கோல் தொப்பி, வாய் மூடாத ரகம்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்," என்று நுன்ஸியா வழக்கம்போல ஆரம்பித்தாள். "இந்தத் தெருப் பொம்பளை எவளும் தக்காளி சாஸைக் கடையில வாங்கினது கிடையாது. வாங்கினா மானம் போச்சு."

"சாஸ்னா, சிப்ஸுக்குத் தொட்டுக்குவோமே, அதுவா?" என்றாள் பெவர்லி.

"அது சாஸ் இல்லம்மா, அது தண்டனை," என்றாள் நுன்ஸியா. எல்லோரும் சிரித்தார்கள். இந்த வருஷம் மழையால் தன் வீட்டில் போடவில்லை என்பதையும் கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னாள். பெவர்லி அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாள்.

காய்கறிக்கடை வாசலில் தக்காளிப் பெட்டிகள் அவள் தோளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. நீளத் தக்காளி, சாஸுக்கென்றே வருவது, சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. நுன்ஸியா ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். தண்ணீர் இல்லை. கெட்டிச் சதை.

கடைக்காரர் சவேரியோ உள்ளேயிருந்து அவளைப் பார்த்ததும் கையை விரித்தார். "என்ன நீ இங்க நிக்கிற? இந்நேரம் முக்காலியில இல்ல உக்காந்திருக்கணும்?"

"எந்த முக்காலி?"

"சரியாப் போச்சு. உங்க அண்ணன் புதன்கிழமையே பெட்டியெல்லாம் தூக்கிட்டுப் போயிட்டானே! போன வருஷத்துக்கு ரெட்டிப்பு. கையால சுத்தி இவ்வளவையும் அரைக்கப் போறியா, தோள்பட்டை கழண்டுடும்டான்னு கேட்டேன். பல்லைக் காட்டினான். நேத்தே முதல் பீப்பாய் வெந்திருக்கும், இங்க வரைக்கும் புகை வந்துச்சு."

நுன்ஸியா சிரித்தாள். எப்படிச் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியாது. "ஆமாமா, மத்தியானம் போறேன். இவங்களை அனுப்பிட்டு," என்றாள்.

விருந்தினர்களுக்கு அத்திப்பழம் நறுக்கிக் கொடுத்தாள். ரோக்கோ பொய் சொல்லியிருக்கிறான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மனசு என்பது விடுமா? அடுத்த மாதம் அறுபது ஆகிறதே, அதற்குத்தான் ரகசியமாக ஏதோ செய்கிறார்கள் என்று ஒரு சமாதானத்தைத் தேடிப் பிடித்தது. ரெட்டிப்பாகப் போட்டு, பாட்டிலில் அவள் பேர் ஒட்டி, பிறந்தநாளுக்கு வரிசையாக நிறுத்தப் போகிறார்கள். பினாவுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். இந்த நினைப்போடு கறிக்கடைவரை கிட்டத்தட்ட சந்தோஷமாகவே நடந்தாள், பாவம்.

கறிக்கடையில் ஜெரார்தோ குடலில் அடைத்த தொத்திறைச்சிச் சரங்களைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். தெற்கு இத்தாலியின் கலாப்ரியாக்காரர் செய்வது, மிளகாய் தூக்கலாக இருக்கும். கருவாட்டு நிறத்துக்குக் காய்ந்த ஒன்றை மெல்லிசாகச் சீவிக் கொடுத்ததில் பெவர்லிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஜெரார்தோ கல்லாவைத் தாண்டி வந்து நுன்ஸியாவின் தோளைத் தட்டினார்.

"ரொம்ப சந்தோஷம் நுன்ஸியா. மனசு நிறைஞ்சு சொல்றேன்."

"எதுக்கு?"

"புருனோ காலையில வந்து கராஜ் சாப்பாட்டுக்கு வாங்கிட்டுப் போனான். எல்லாம் காரம், ஒரு சரம் மட்டும் மிளகாய் போடாம. ஆறு வருஷமாச்சு நான் அப்படி ஒண்ணு கட்டி! கை மறந்திருக்குமோன்னு பாத்தேன், மறக்கலை. ராசி ஆயிட்டீங்க போல. ஆம்பளைன்னா ஒரு தடவை வழுக்கத்தான் செய்வான். நீ பெரிய மனசு பண்ணினியே, அது போதும்."

அந்தக் குடும்பத்தில் மிளகாய் சாப்பிடாத வாய் ஒன்றே ஒன்றுதான். இத்தாலியின் வடக்கே, மலையடிவாரத்திலிருந்து வந்தவன். கல்யாணமான புதிதில் நுன்ஸியா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுக் குழாயடியில் போய் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றவன். வடக்கத்தியான், வடக்கத்தியான் என்று ரோக்கோ கேலி செய்ய, அவனுக்கென்று தனிச் சரம் கட்டச் சொல்ல ஆரம்பித்ததே நுன்ஸியாதான்.

ரெட்டிப்புப் பெட்டி ஏனென்று இப்போது புரிந்தது. மோட்டார் திரும்பி வந்திருக்கிறது. அதன் பின்னாலேயே அவனும் வந்திருக்கிறான்.

ஜெரார்தோவிடம் நன்றி சொன்னாள். எட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

ரோக்கோ செய்த முட்டாள்தனத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தங்கையிடம் மறைக்க வேண்டுமென்றால் அவன் ஃபிளமிங்டன் சந்தைக்குப் போய்த் தக்காளி எடுத்திருக்கலாம். கறியை எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் வாங்கியிருக்கலாம். ஒரு ஈக்குக்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் அவன் அப்பா சவேரியோவின் அப்பாவிடம் எடுத்தார். அவன் சவேரியோவிடம் எடுக்கிறான். கூடப்பிறந்தவளிடம் கூசாமல் பொய் சொன்னவனுக்கு, கடையை மாற்றுவது என்பது மட்டும் கனவில்கூடத் தோன்றவில்லை. அந்தத் தெருக்காரர்களுக்கு அது துரோகம்.

அடுத்தது அசுந்தாவின் பாலாடைக்கட்டிக் கடை. நுன்ஸியாவின் மகள் தாரியாவுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் அசுந்தா. அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் கொம்மாரே என்றுதான் கூப்பிடுவார்கள். எத்தோரே போன ராத்திரி நுன்ஸியா இந்தக் கடையின் பின்கட்டில்தான் விழுந்து புரண்டு அழுதாள்.

அசுந்தா இன்று அநியாயத்துக்கு உபசரித்தாள். அப்போதுதான் திரட்டிய ரிக்கோட்டாப் பாலாடைக்கட்டியைச் சூடாகக் கரண்டி கரண்டியாக விருந்தினர் கையில் வைத்தாள். பெவர்லியின் தொப்பியைப் புகழ்ந்தாள். ஆட்டுப் பால், பசும் பால், எருமைப் பால் என்று மூச்சுவிடாமல் பேசினாள். நுன்ஸியா நிற்கும் பக்கம் மட்டும் அவள் கண் திரும்பவே இல்லை.

"கொம்மாரே," என்றாள் நுன்ஸியா, தங்கள் ஊர்ப் பேச்சில். "என் முகத்தைப் பாரு."

"இரு, இவங்களுக்கு இன்னொரு..."

"என் முகத்தைப் பாருன்னேன்."

அசுந்தா பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"உனக்குத் தெரியும்."

"சத்தியம் வாங்கிட்டாங்க நுன்ஸியா. நான் என்ன பண்ணட்டும்?"

"எப்போ?"

"கிறிஸ்துமஸ் முடிஞ்சு."

"அதுக்கப்புறம் வாராவாரம் வந்து இங்க காபி குடிச்சேனே. மழையில தக்காளி போச்சேன்னு உன்கிட்ட வந்து புலம்பினேனே. ஆமா கொம்மாரே, பாவம் கொம்மாரேன்னியே!"

அசுந்தா கத்தியைத் துடைத்தாள். துடைத்த கத்தியையே மறுபடி துடைத்தாள்.

"யாரு வாங்கின சத்தியம்? ரோக்கோவா?"

அசுந்தா கல்லாவுக்கு மேலாகக் கையை நீட்டி நுன்ஸியாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "இன்னிக்கு மட்டும் அங்க போகாத. என் பேச்சைக் கேளு. நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

நுன்ஸியா கையை விடுவித்துக்கொண்டாள். ரிக்கோட்டா தின்றுகொண்டிருந்த எட்டுப் பேரையும் திரும்பிப் பார்த்தாள். கோபம் உச்சிக்கு ஏறும்போது சிலருக்குக் குரல் உயரும். அவளுக்குக் குரல் தேனாகிவிடும்; தெரிந்தவர்கள் அப்போது ஒதுங்கி நிற்பார்கள்.

"நண்பர்களே, இன்னிக்கு உங்களுக்கு அதிர்ஷ்டம். வழக்கமான நடையில இல்லாத ஒரு இடம் காட்டப் போறேன்," என்றாள் ஆங்கிலத்தில்.

"நுன்ஸியா!" என்று பின்னாலிருந்து கத்தினாள் அசுந்தா. பெவர்லி அதை வழியனுப்பு என்று நினைத்துக் கையசைத்தாள்.

கராஜ் இரண்டு தெரு தள்ளி. முனை திரும்பும்போதே மோட்டார் சத்தம் கேட்டது. கொஞ்சம் திக்கித் திக்கிப் பிறகு சீராக ஓடும், அதுதான் அதன் குணம். தூக்கத்தில் கேட்டாலும் அவளுக்குத் தெரியும்.

கதவு பாதி ஏறியிருந்தது. நுன்ஸியா அதை முழுக்கத் தூக்கிவிட்டு எட்டுப் பேரையும் உள்ளே அழைத்தாள். பெரிய இரும்புப் பீப்பாய், அடியில் நெருப்பு. தரை முழுக்கப் பாட்டில்கள். ரோக்கோ கையில் விறகோடு நின்றுவிட்டான். பினா சிலுவை போட்டுக்கொண்டாள். மெஷினருகே இருந்த எத்தோரே, கையில் தக்காளி ஒழுக, என்ன செய்வதென்று தெரியாமல் மோட்டாரை நிறுத்தினான்.

"எல்லாரும் உள்ள வாங்க, கூச்சப்படாதீங்க," என்றாள் நுன்ஸியா. "இவர் என் அண்ணன் ரோக்கோ. மழையில தக்காளி கெட்டுப்போச்சுன்னு எனக்கு போன் பண்ணிச் சொன்னவர். இதோ, கெட்டுப்போன தக்காளி. நிறத்தைப் பாருங்க! இந்த மெஷின் வாஷிங் மெஷின் மோட்டார்ல ஓடுது. செஞ்சவர் இவர், என் வீட்டுக்காரரா இருந்தவர். என்னை விட்டுட்டுப் போறப்ப இதை மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போனார். அவ்வளவு பாசம்."

விருந்தினரில் இரண்டு பேர் சிரித்தார்கள். நாடகம் என்று நினைத்திருப்பார்கள்.

"நுன்ஸியா, ஜனங்க முன்னால வேண்டாம்," என்றான் ரோக்கோ ஊர்ப் பேச்சில், அடிக்குரலில்.

"இப்ப இங்க பாருங்க, இதுதான் துளசி. எங்க வீட்டுல இந்த வேலையை ஐம்பது வருஷமா..."

திரும்பினாள். குரல் அங்கேயே நின்றுவிட்டது.

முக்காலியில் தாரியா உட்கார்ந்திருந்தாள். மடியில் துளசிக் கொத்து. அன்று பிளாக்டவுன் ஆஸ்பத்திரியில் டியூட்டி, நடைக்குத் துணையாக வர முடியாது என்று முந்தின நாள்தான் மெசேஜ் அனுப்பியிருந்தாள், கூடவே ஒரு முத்தம் போட்டு.

"உனக்கு டியூட்டி இல்ல?"

"இல்லம்மா."

"உன்னையும் சேத்துக்கிட்டாங்களா?"

தாரியா எழுந்திருக்கவில்லை. முகம் சிவந்திருந்தது, ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை. அந்தப் பிடிவாதம் நுன்ஸியாவிடமிருந்து வந்ததுதான். "அவங்க என்னைச் சேக்கலை. நான்தான் சொன்னேன். மாமாவைத் திட்டாத, அசுந்தாவையும் திட்டாத. சத்தியம் வாங்கினது நான்."

நுன்ஸியா மெஷினையும் எத்தோரேயையும் ஒரு தடவை பார்த்தாள்.

"அந்தம்மா அப்பாவை விட்டுட்டுப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. தனியா ஒரு ரூம்ல கிடக்கறார். அவர் வந்தா நீ வர மாட்டே. நீ வந்தா அவரைக் கூப்பிடக் கூடாது. ஆறு வருஷமும் உன்னையே கூப்பிட்டோம். இந்த ஒரு வருஷம் அப்பாவைக் கூப்பிடலாம்னேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே, தாரியா."

"கேட்டா நீ அழுவே. நீ அழுதா எல்லாரும் உன் பக்கம் வந்துடுவாங்க. எப்பவும் அப்படித்தான்."

எத்தோரே ஏதோ சொல்ல வாயெடுத்தான். பினா அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். நுன்ஸியாவுக்கு அழுகை நெஞ்சுவரை வந்தது. அதை வெளியே விட்டால் மகள் சொன்னது சரியென்று ஆகிவிடும். அதனால் அழவும் முடியாமல் நின்றாள். அழுகையைக்கூடப் பிடுங்கிக்கொண்டார்களே என்று இருந்தது.

ரோக்கோ விறகைக் கீழே போட்டுவிட்டு அவசரமாக ஒரு மூலைக்குப் போனான். "உன்னை மறந்தோமா? இங்க பாரு, நேத்து வெந்ததிலேயே உன் பங்கைத் தனியா எடுத்து வெச்சிருக்கோம். சாயங்காலம் வாசல்ல வெச்சுட்டு வரலாம்னு..."

சுவரோரம் ஒரு பெட்டி. பன்னிரண்டு பாட்டில். மேலே சாக்கட்டியால் நுன்ஸியா என்று எழுதியிருந்தது.

வேலை செய்யாமல் பங்கு வாங்குகிறவர்கள் அந்தத் தெருவில் இரண்டு வகை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் ஒன்று, கோயில் பாதிரியார் இன்னொன்று. அவர்கள் வாசலில்தான் இப்படிச் சொல்லாமல் வைத்துவிட்டு வருவார்கள்.

"நான் எப்படா ரோக்கோ பாதிரியார் ஆனேன்?" என்றாள்.

எத்தோரேயின் உதடு துடித்தது. அவள் கேலிக்குச் சிரித்தே பழகிய வாய். அடக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது.

பெட்டியருகே குனிந்து ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். துளசி இலை கசங்காமல், மடங்காமல், கண்ணாடியோடு ஒட்டி நிமிர்ந்து நின்றது. அப்படி நிறுத்துவதற்கு ஒரு விரல் பக்குவம் உண்டு. தாரியாவுக்கு ஆறு வயதில் மடியில் உட்கார வைத்து அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் இல்லாமலே எல்லாம் சரியாக நடந்திருந்தது.

"வாங்கம்மா," என்று பெவர்லியைக் கூப்பிட்டு அந்த பாட்டிலை அவள் கையில் வைத்தாள். "உங்களுக்கு."

பெவர்லிக்கு ஊர்ப் பேச்சு ஒன்றும் புரிந்திருக்காது, ஆனால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். "இது உங்க குடும்பத்துதாச்சே?" என்றாள் மெதுவாக.

"ஆமா. அதனாலதான் நல்லா இருக்கும்."

அடுத்த பாட்டிலை அடுத்த ஆளுக்குக் கொடுத்தாள். ரோக்கோ ஓடிவந்தான். "ஏய், என்ன பண்றே நீ? வெளியாளுக்கு சாஸ் குடுக்கறதா? எங்கயாவது உண்டா?"

"கூடப்பிறந்தவகிட்ட பொய் சொல்றது உண்டாடா? அது எந்த ஊர்ல உண்டு?"

அவன் கை அந்தரத்தில் நின்றது. எட்டுப் பேருக்கும் ஒவ்வொன்று கொடுத்தாள். மிச்சமிருந்ததைக் கைக்கு எட்டியவர்களிடமே திணித்தாள். காலிப் பெட்டியைக் கவிழ்த்துத் தாரியாவின் முக்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். "அப்பாவை இதுல உக்கார வெச்சுக்கோ," என்றாள். தாரியாவுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. அம்மா என்று எழுந்தாள். நுன்ஸியா அதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

ரொட்டிக்கடையில் காபிக்குச் சொல்லிவைத்திருந்தது. அங்கேயும் போய், யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்று கேட்டு, சிரித்துப் பேசி, எல்லோரையும் அனுப்பிவைத்தாள். பிறகு காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதாள். பார்க்க யாருமில்லை என்பதால் யாரும் அவள் பக்கம் வந்துவிடவில்லை.

தாரியா நாள்தோறும் போன் செய்தாள். ரோக்கோ வாசலுக்கு வந்து மணியடித்துப் பார்த்துவிட்டுப் போனான். ஈஸ்டர் விருந்துக்கு பினா ஆளனுப்பினாள். நுன்ஸியா போகவில்லை. சனிக்கிழமை நடையில் அசுந்தா கடைக்கு விருந்தினரை உள்ளே அனுப்பிவிட்டு இவள் வாசலிலேயே நின்றாள். அலமாரியில் இருந்த பழைய பாட்டில்கள் ஈஸ்டர்வரை வந்தன.

அதற்கப்புறம் ஒருநாள், தெரிந்தவர் யாரும் வரமாட்டார்கள் என்று, நாலு பேட்டை தள்ளி ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குக் காரை ஓட்டிப்போனாள். சாஸ் அலமாரி ஒரு சுவர் நீளத்துக்கு இருந்தது. ஒவ்வொரு ஜாடியிலும் மலை, கொடி, சிரிக்கிற சமையல்காரர். ஊரையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் எது நல்லது, எங்கே நல்லது என்று சொல்லிக்கொடுக்கிற நுன்ஸியாவுக்கு அதில் ஒன்றைப் பற்றியும் ஒன்றும் தெரியவில்லை. எடுப்பதும் வைப்பதுமாக வெகுநேரம் நின்றாள்.

பக்கத்தில் கூடையோடு ஒரு பெண் வந்தாள், தாரியா வயதுதான் இருக்கும்.

"இதுல எது நல்லா இருக்கும்மா?" என்று நுன்ஸியா கேட்டாள்.

அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லாம் ஒண்ணுதாங்க," என்று கைக்கு வந்ததை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு போனாள்.

நுன்ஸியாவும் அதிலேயே ஒன்றை எடுத்தாள். தனி ஆளுக்கானது, சின்ன ஜாடி.